மாமி ஏற மாட்டன் எண்ட கார்

"உம்மா இனி நம்மட காருல ஏற மாட்டாவாம்" எண்டு நிஸ்லா சொன்ன நேரம், நௌஷாட் பாணைப் பிச்சு சம்பல்ல தோய்ச்சுக்கொண்டு இருந்தான். கை அப்பிடியே நிண்டுட்டுது.

"ஏனாம்?"

"குலுக்குதாம். ஆசுப்பத்திரிக்குப் போய் வந்ததில இருந்து இடுப்பு நிமித்தேலாதாம்."

"காரெண்டாக் குலுக்கும்தானே. அது என்ன கட்டிலா?"

கதவுச் சீலைக்கு அங்கால ஒரு செருமல் கேட்டுது. நிஸ்லாட உம்மா, உம்மு குல்சூம். இத்தின வருசமா ஒரே வீட்டுல இருந்தும் மருமகனுக்கு முன்னால நிண்டு கதைக்கிற பழக்கம் அவவுக்கு இல்ல. சொல்ல வேண்டியத சீலைக்கு அங்கால நிண்டு மகளுக்குத்தான் சொல்லுவா. அதுவும் மருமகனைக் குறையா ஒரு சொல் அவட வாயில வராது. மருமகனைக் குறை சொன்னா வீட்டுல பறக்கத்து நிக்காது எண்டு அவட உம்மா சொல்லிக் குடுத்த பாடம். நௌஷாட் சந்தையில இருந்து நாறின மீனை வாங்கிக்கொண்டு வந்தாலும் அது மீன்ட பிழை. படலைக் கதவை இழுத்து உடைச்சாலும் அது ஆணிட பிழை.

"மகள், மருமகனுக்குச் சொல்லு" எண்டு சீலை கதைச்சுது. "மருமகனில ஒரு குறையுமில்ல. தங்கமான புள்ள. காருதான் சரியில்ல. நிக்காஹுக்கு நான் ஷிராஸ்ட வேனுல போறன்."

நௌஷாட் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பினான்.

இது வெறும் இடுப்பு விசயம் எண்டு நினைக்காதீங்கோ. பெருநாள் கழிஞ்ச கையோட மாமிட கடைசி மகன் ஹில்மிக்கு சிலாவத்துறையில நிக்காஹ். மாப்பிள்ளைட உம்மாவைப் பொண்ணு வீட்டு வாசல்ல கொண்டுபோய் இறக்கிறது மூத்த மருமகன்ட உரிமை. அந்தக் குடும்பத்துல அப்பிடித்தான். ஊரே வாசல்ல நிண்டு, யாற்ற வாகனத்தால இறங்குறா எண்டு பாக்கும். மூத்தவன் நௌஷாட் உசிரோட இருக்கேக்க மாமி இளைய மருமகன் ஷிராஸ்ட வேனால இறங்கினா, அவன் பிறகு மன்னார் கடைத்தெருவுல முகத்த எங்க கொண்டுபோய் வைக்கிறது?

"அந்த ஷிராஸ் வேன் வாங்கின நாளில இருந்து இதுக்குத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறான்" எண்டு கத்திக்கொண்டு வெளிய வந்து, கேற்றடியில படுத்துக் கிடந்த கழுதைக்கு ஏசினான். கழுதை காதைக்கூட ஆட்டேல்ல. ஒவ்வொரு நாளும் கேக்கிற ஏச்சுத்தானே.

காரை எடுத்தான். சின்னக் கார், வெள்ளை நிறம். அவன் ஓடுற விதமே வேற. பள்ளத்தைக் கண்டா மற்றவன் பிறேக்க மிதிப்பான், இவன் மற்றத மிதிப்பான். "மெதுவாப் போனா சில்லு இறங்கி ஏறும். வேகமாப் போனா பள்ளத்துக்கே தெரியாது" எண்டு ஹாட்வெயார் கடைக்கு வாற ஆக்களுக்கெல்லாம் பாடம் எடுப்பான். நிஸ்லாட்டயும் லைசன் இருக்கு. அது அலுமாரிக்குள்ள, சாறிக்குக் கீழ கிடக்கு. "இந்த ஊர் கழுதையளுக்க நீ ஓட்டேலாது" எண்டு அவன் ஒரே சொல்லா முடிச்சுப்போட்டான்.

பள்ளிமுனையில பஸ்ரியன்ட கராஜ். பஸ்ரியன் காரை ஜக்கில ஏத்தி, கீழ படுத்து, தட்டிப் பாத்து, எழும்பி வந்து கையைத் துடைச்சார்.

"ஒண்டும் பிழையில்ல முதலாளி. சொக் நல்லாயிருக்கு, ஸ்பிரிங் நல்லாயிருக்கு."

"அப்ப ஏன் குலுக்குது?"

"யாருக்குக் குலுக்குது?"

"மாமிக்கு."

"மாமிக்குக் குலுக்கினா அதுக்கு என்னட்ட சாமான் இல்ல."

"பஸ்ரியன் அண்ணன், பகிடிக்கு வரேல்ல நான். இந்தப் படத்தப் பாருங்கோ." ஃபோனைத் தூக்கிக் காட்டினான். காலையில இருந்து அந்த ஃபோனோடதான் சண்டை. பேஸ்புக்கில கார்க்காரர் குழு ஒண்டில போய் 'மாமிக்கு எந்த சஸ்பென்சன் கிட் நல்லம்' எண்டு கேட்டுப்போட்டான். உடன வந்திட்டினம். ஒருத்தன் மெத்தெண்டு போடு எண்டான், ஒருத்தன் இறுக்கமாப் போடு எண்டான், ஒருத்தன் மாமிய மாத்து எண்டான். அவனோட மட்டும் நௌஷாட் அரை மணித்தியாலம் எழுத்துல அடிபட்டான்.

பஸ்ரியன் படங்களைத் தள்ளித் தள்ளிப் பாத்தார். "இதில மூண்டு சாதி இருக்கு. ஒண்டு காரை உசத்துற கிட். ஒண்டு பாரமான ஸ்பிரிங், நிறையச் சாமான் ஏத்துறவைக்கு. மற்றது முறுக்குற கிட், உயரமும் இறுக்கமும் வேணுமான மாதிரி மாத்தலாம். எதுவும் உங்களுக்குத் தேவையில்ல."

"உசத்துங்கோ" எண்டான் நௌஷாட்.

உசத்தினார். கார் இப்ப ஒரு சின்ன ஜீப் மாதிரி கால் நீட்டி நிண்டுது. நௌஷாட் அதை ஒரு சுத்துச் சுத்திப் பாத்திட்டு வீட்டு வாசல்ல கொண்டுவந்து விட்டு, கோர்னை அடிச்சான். மாமி பர்தாவைப் போட்டுக்கொண்டு வந்தா. ஒரு காலைத் தூக்கினா, எட்டேல்ல. மற்றக் காலைத் தூக்கினா, அதுவும் எட்டேல்ல. நிஸ்லா குசினிக்குள்ள இருந்து தேங்காய் துருவுற பலகையைக் கொண்டந்து வச்சா. பக்கத்து வீட்டு ஸஹ்றா மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து, "எங்க மாமி, மலைக்கா?" எண்டு கேட்டா.

"மற்றவயட வாசலைப் பாக்காம உங்கட அடுப்பப் பாருங்கோ" எண்டு நௌஷாட் மதிலுக்கு ஏசினான்.

பாலத்து றோட்டால தள்ளாடிச் சந்தி வரைக்கும் போய்த் திரும்பினவை. ரெண்டு பக்கமும் கடல், ஒரே காத்து. உசத்தின கார் அங்கிட்டும் இங்கிட்டும் சரியுது. நௌஷாட் காத்துக்கும் ஏசிக்கொண்டு இன்னும் மிதிச்சான். வீட்டுக்கு வந்து இறங்கின மாமி, நேர உள்ள போய் சீலைக்கு அங்கால படுத்திட்டா.

"மருமகனில குறையில்ல மகள்" எண்டு கொஞ்ச நேரத்தால சத்தம் வந்துது. "உங்கட வாப்பா ஒருக்கா நடுக்கடல்ல புயலுக்க மாட்டி, இனி மௌத்துத்தான் எண்டு கலிமாவும் சொல்லி முடிச்சிட்டு, உசிரோட கரைக்கு வந்தவர். அந்தக் கதைதான் நினைவு வந்துது. காருதான், மகள். காருதான்."

அடுத்த நாள் வியாழக்கிழமை. வியாழக்கிழமையில நௌஷாட் கடைச் சாமான் எடுக்க லொறியில வவுனியாவுக்குப் போயிருவான். அண்டைக்கு மாமியும் நிஸ்லாவும் கலியாண அலுவலாப் பொண்ணு வீட்டுக்குப் போய் வருவினம். பின்னேரம் அவன் திரும்பி வரேக்க மாமி சீலைக்கு அங்கால வெத்திலை இடிச்சுக்கொண்டு இருக்கிறா. நல்ல சந்தோசமான இடி.

நௌஷாட்டுக்குப் பத்திக்கொண்டு வந்துது. "நிஸ்லா, உன்ட உம்மாட்டக் கேள். அந்த உடைஞ்ச பஸ்ஸில போய் வந்ததுக்கு இடுப்பு நோகேல்லையாமா?"

வெத்திலை இடிக்கிற சத்தம் நிண்டுது.

"இல்ல மகள்" எண்டு மெதுவா வந்துது. "தொட்டில்ல போட்டு ஆட்டின மாதிரி."

நிஸ்லா குசினிக்குள்ள ஏதோ அடுப்புல கிடக்கு எண்டு போயிட்டா. அடுப்பு எரியவே இல்ல.

வெள்ளிக்கிழமை விடிய காருக்குள்ள ஏறி இருந்தவன் 'டங்' எண்டு முழங்காலை ஸ்டியரிங்கில அடிச்சுக்கொண்டான். சீற்ற முன்னுக்கு இழுத்து வச்சிருக்கு. கண்ணாடியும் திரும்பிக் கிடக்கு, பின்னுக்குப் பாத்தா கூரைதான் தெரியுது. ஃபோனை எடுத்தான்.

"பஸ்ரியன் அண்ணன், உங்களை ஸ்பிரிங்கைத் தொடச் சொன்னா சீற்றை ஏன் தொட்டனீங்கள்?"

"நான் சீற்றில கை வைக்கேல்ல முதலாளி."

"அப்ப கழுதையே ஏறி இருந்தது?"

"உங்கட ஊர்க் கழுதையளப் பற்றி எனக்கென்ன தெரியும்" எண்டு பஸ்ரியன் வச்சிட்டார்.

முழங்காலைத் தடவிக்கொண்டு இருக்கேக்கதான் நௌஷாட்டுக்கு மூளை வேலை செஞ்சுது. மாமிக்கு பஸ் தொட்டில் மாதிரி எண்டா, பஸ்ஸில என்ன இருக்கு? அதைக் கண்டுபிடிச்சா முடிஞ்சுது. கடையைப் பூட்டிப்போட்டு சிலாவத்துறை பஸ்ஸில ஏறி, கடைசி சீற்றில போய் இருந்தான். வங்காலை தாண்டுறதுக்குள்ள ரெண்டு தரம் தலை கூரையில முட்டிச்சுது. பல்லு எல்லாம் கழண்டு திருப்பிப் பூட்டின மாதிரி இருந்துது.

"தம்பி, இது எந்தக் கொம்பனி ஸ்பிரிங்?" எண்டு கொண்டக்டரைக் கேட்டான்.

"ஸ்பிரிங்கோ? இதிலயோ?" எண்டு கொண்டக்டர் ட்ரைவரைக் கூப்பிட்டுக் கேட்டான். ட்ரைவருக்கும் தெரியேல்ல.

ஆனா ஒண்டு பாத்தான். நானாட்டான்ல கொஞ்சச் சனம் ஏறி பஸ் நிறைஞ்ச பிறகு குலுக்கல் குறைஞ்ச மாதிரி இருந்துது. ஆ, அப்ப விசயம் பாரம். நேர இறங்கி, எதிர்ப் பஸ்ஸில ஏறி, பஸ்ரியன்ட்ட.

"பாரமான ஸ்பிரிங் கிட்டைப் போடுங்கோ."

"ஐயோ முதலாளி, அது கீரை மூட்டையோட சந்தைக்குப் போற ஆக்களுக்கு. நிறைய ஏத்தினாத்தான் அமரும். உங்கட காருல மாமி ஒராள். அவவும் ஒரு இறாத்தல் பாண் அளவு."

"அது என்ட பாடு."

போட்டாச்சு. கடையில இருந்து சீமேந்து மூட்டையளைத் தூக்கி டிக்கிக்குள்ள அடுக்கினான். காருட பின் பக்கம் இருந்துட்டுது, முன் பக்கம் வானத்தைப் பாத்துது. அப்பிடியே மாமியையும் நிஸ்லாவையும் ஏத்திக்கொண்டு பாலத்தால போக, தள்ளாடியில ஆமிக்காரப் பொடியன் கையைக் காட்டி நிப்பாட்டினான். டிக்கியைத் திறந்து பாத்தான். மாமியைப் பாத்தான். திருப்பியும் மூட்டையைப் பாத்தான்.

"வீடு கட்டுற?" எண்டு அரைத் தமிழில கேட்டான்.

"இல்ல. மாமி குலுங்காம இருக்க."

பொடியன் கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டு, பெரிய மனசு பண்ணி மூடிவிட்டான். நௌஷாட் அந்தக் கோவத்துல திரும்பி வரேக்க இருந்த பள்ளம் எல்லாத்தையும் ஒண்டு விடாம மேலால பறந்தான். ஒரு இடத்துல ஒரு மூட்டை வெடிச்சு உள்ளுக்கெல்லாம் சீமேந்துப் புழுதி. மாமி பர்தாவோட கறுப்பாப் போனவ, வெள்ளையா வந்து இறங்கினா.

"மருமகனில குறையில்ல" எண்டு தும்மிக்கொண்டு சொன்னா. "காருட கூரைதான் பதிஞ்சு கிடக்கு. தலையில முட்டுது."

நௌஷாட் கதவுச் சீலைக்கு முன்னால போய் நிண்டு, வாயைத் திறந்து, திருப்பி மூடிக்கொண்டு வெளிய போனான். என்ன இருந்தாலும் மாமி மாமிதான். கழுதைக்குத்தான் அண்டைக்கும் ஏச்சு விழுந்துது.

கடைசியா கொழும்பில இருந்து முறுக்குற கிட்டை எடுப்பிச்சான். பெட்டி பஸ்ஸில வந்துது. பஸ்ரியன் ஒண்டும் கதைக்கேல்ல, பூட்டிவிட்டு ஒரு சாவியைக் கையில குடுத்தார். "இந்தா, இனி நீங்களே முறுக்குங்கோ. என்னைக் கூப்பிட வேணாம்."

விடிஞ்சா முறுக்கல், பொழுதுபட்டா முறுக்கல். சுபஹு தொழுதிட்டு வாற சனம், கழுதைக்குப் பக்கத்துல சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழ கிடக்கிற நௌஷாட்டுட ரெண்டு காலையும் பாத்து சலாம் சொல்லிட்டுப் போவினம். வியாழக்கிழமை கழிஞ்சு வெள்ளிக்கிழமை வந்தா சீற்று திருப்பியும் முன்னுக்குக் கிடக்கும். முழங்கால் திருப்பியும் 'டங்'. பஸ்ரியனுக்கு எடுத்தா, "கார் இந்தக் கிழமை என்ட கராஜ் பக்கமே வரேல்ல முதலாளி" எண்டார்.

"அப்ப லீவர் லூசு. தானா முன்னுக்குப் போகுது. உங்கட வேலை அவ்வளவுதான்."

"கண்ணாடியும் லூசோ?"

"ஓம், எல்லாம் லூசு."

"அது தெரியும்" எண்டார் பஸ்ரியன்.

நல்லா மெத்தெண்டு வரட்டும் எண்டு கீழ கீழ இறக்கி, பூனை கூடப் போகேலாத மாதிரி காரைப் பதிச்சுப்போட்டான். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனவன், பள்ளிக்கு முன்னால இருக்கிற மேட்டைக் கண்டு வழக்கம்போல மிதிச்சான். முன் சில்லு தாண்டிச்சுது. பிறகு 'கறக்' எண்டு ஒரு சத்தம். கார் மேட்டுக்கு மேல வயிறு பதிய இருந்துகொண்டுது, கடல் வத்தேக்க மணல்ல ஏறின வள்ளம் மாதிரி. சில்லு சுத்துது, கார் அசையேல்ல. தொழுகை முடிஞ்சு முழுச் சனமும் வெளிய வந்துது. பிஸ்மி சொல்லி ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கினவை. அதுல முன்னுக்கு நிண்டு தூக்கினவன் ஷிராஸ்.

"நௌஷாட் நானா" எண்டான், மூச்சு வாங்கிக்கொண்டு, நல்ல மரியாதையா. "வேன் சும்மாதான் நிக்குது."

நௌஷாட் அண்டைக்கு முழுக்க ஒருத்தரோடயும் கதைக்கேல்ல. கழுதையே கேற்றடியில நிண்டு ரெண்டு தரம் திரும்பிப் பாத்துது.

நிக்காஹ் நாள் வந்துது. வேன் வாசல்ல வந்து நிக்குது, உள்ளுக்குக் குளிர் போட்டு. ஹில்மி மாப்பிள்ளை உடுப்போட ஏறிட்டான். நௌஷாட் புதுச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து, முதல் தரமா, சீலையைப் பாத்து நேராக் கதைச்சான்.

"மாமி. நான் உசத்தியும் பாத்திட்டன், பாரம் போட்டும் பாத்திட்டன், முறுக்கியும் பாத்திட்டன். இப்ப நடுவுல கொண்டந்து விட்டிருக்கிறன். உங்கட மகனுட நிக்காஹுக்கு உங்களை நான் கொண்டுபோய் இறக்காட்டி, இந்த மூத்த மருமகன் எண்ட பேர் எனக்கு வேணாம். கடைசியா ஒருக்கா ஏறுங்கோ."

சீலைக்கு அங்கால வெத்திலை உரலை ஒதுக்கி வைக்கிற சத்தம் கேட்டுது.

"மருமகனுக்குச் சொல்லு மகள்" எண்டு வந்துது. "நான் ஏறுறன். அல்லாஹ் போதுமானவன்."

மாமி பின்னுக்கு ஏறினா. நிஸ்லா பக்கத்துல ஏறி உம்மாட கையைப் பிடிச்சுக்கொண்டா. நௌஷாட் காரை எடுத்தான். ஷிராஸ்ட வேனுக்கு முன்னால போய்ச் சேரோணும் எண்டு ஒரே வைராக்கியம். தள்ளாடிச் சந்தியில ஒரு லொறிய வெட்டினான். வங்காலையில மாட்டுக்கு ஏசினான். பள்ளம் வர வர மிதிச்சான்.

"பாத்தீங்களோ மாமி, பள்ளம் தெரிஞ்சுதோ?" எண்டு கத்தினான்.

கண்ணாடிக்குள்ளால பாத்தா மாமி கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறா, வாய் மட்டும் விடாம அசையுது. மகனுக்காக ஓதிக்கொண்டு வாறா எண்டு நினைச்சான். மனசு குளிர்ந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் மிதிச்சான்.

அரிப்புப் பாலம் தாண்ட, நிஸ்லா முன்னுக்குச் சாஞ்சு, "இஞ்சேருங்கோ, உம்மாவுக்குத் தண்ணி விடாயாம். அந்தத் தேத்தண்ணிக் கடையில நிப்பாட்டுங்கோ" எண்டா.

நிப்பாட்டினான். மாமி இறங்கினா. கால் நிலத்துல பட்டதும் கடைக்கு முன்னால இருந்த கதிரையைப் பிடிச்சு இருந்தவதான், எழும்பேல்ல.

"மகள்" எண்டா, முந்தானையால முகத்த மூடிக்கொண்டு. "மருமகனில ஒரு குறையுமில்ல. நான் இதில இருக்கிறன். ஷிராஸ் வாறபோது ஏறி வாறன்."

இன்னும் கொஞ்சத் தூரந்தான் சிலாவத்துறைக்கு. நௌஷாட்டுக்கு அடக்கி வச்சது எல்லாம் வெடிச்சுப்போச்சு. மாமிக்கு ஏசேலாது. நிஸ்லா நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. சுத்திவரக் கழுதையும் இல்ல. தேத்தண்ணியைக் கொண்டந்து வச்ச கடைக்காரர் எமிலியானுஸ்தான் அகப்பட்டார்.

"நீங்க சொல்லுங்கோ ஐயா, நியாயத்தச் சொல்லுங்கோ. உசத்தினன், ஏறேலாதாம். பாரம் போட்டன், தலை முட்டுதாம். பதிச்சன், ஊருக்கே பகிடியாப் போனன். உலகத்துல இருக்கிற கிட் எல்லாம் இந்தக் காருல போட்டுக் கழட்டியாச்சு. அந்த உடைஞ்ச பஸ் மட்டும் தொட்டிலாம். இந்தக் காருக்கு இனி என்னத்தப் போடுறது?"

நிஸ்லா, "ஐயா, தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம்" எண்டு இடையில வந்தா. எமிலியானுஸ் அதைக் கேக்கேல்ல. கோப்பையைத் துடைச்சுக்கொண்டு காரை மேலயும் கீழயும் பாத்தார்.

"இந்தக் காரில ஒரு பிழையுமில்ல தம்பி" எண்டார். "வியாழனுக்கு வியாழன் உங்கட மனுசி ஓட்டிக்கொண்டு வந்து இதிலதானே நிப்பாட்டுறவ, அம்மா பின்னுக்கு வாயத் திறந்துகொண்டு நல்ல நித்திரை. நீங்க ஓட்டின இண்டைக்குத்தான் கலிமா சொல்லிக்கொண்டு வந்து இறங்கினவ."